கம்ப்யூட்டர் டேபிளுக்கு 32,000 ரூபாயா? திருப்பூர்க்காரங்க முதல்ல மிஷின் ஸ்டாண்டைப் பாருங்க



வீட்ல இருந்தே கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிறவங்க நம்ம ஊர்ல இப்போ நிறைய. ராத்திரி பையருக்கு மெயில் போடற மெர்ச்சண்டைசர், பேட்டர்ன் போட்டு மார்க்கர் அனுப்பறவங்க, நாலு பவர் டேபிள் யூனிட்டுக்கு ஜிஎஸ்டி ஃபைல் பண்ற அக்கவுண்டன்ட், வீட்டு முன் ரூம்லயே டி-சர்ட் பேக் பண்ணி ஆன்லைன்ல விக்கிறவங்க. இவங்க எல்லாருக்கும் பொதுவா ஒரு பிரச்சனை இருக்கு: கழுத்து வலி, தோள்பட்டை வலி, சாயங்காலம் ஆனா முதுகைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிக்கிறது.

அடுத்து என்ன நடக்கும்? ஆன்லைன்ல தேடுவோம். பட்டனை அமுக்கினா மேல கீழ போற எலக்ட்ரிக் டேபிள் வரும். விலை 30,000, 35,000. பக்கத்துலயே "நோ-காஸ்ட் இஎம்ஐ" அப்படின்னு ஒரு வரி. முதுகு வலிக்கிற நேரத்துல அந்த வரி ரொம்ப நல்லாவே தெரியும்.

அந்த பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி இந்தப் பதிவை முழுசா படிச்சிடுங்க. உங்களுக்குத் தேவைப்படுறது சரியான உயரம். அதுக்கு 32,000 ஆகுமா, 5,000-ல முடியுமா, இல்ல காசே இல்லாம முடியுமாங்கிறதை இன்னைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துடலாம்.

அமெரிக்காவுல ஹோம் டிப்போ கடையில ஹஸ்கி பிராண்டு ஒர்க் பெஞ்ச் ஒண்ணு விக்குது. கையால சுத்தினா உயரம் மாறும். பட்டறை வேலைக்காக வந்த பெஞ்ச் அது. விலை குறைவு, கனமான பலகைங்கிறதால நிறைய பேர் அதையே வீட்ல கம்ப்யூட்டர் டேபிளா வச்சுக்கிறாங்க. நமக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டாம். உயரம் மாத்தற மாதிரி செஞ்ச வேலை மேஜை நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு இருக்கு. தையல் மிஷின் ஸ்டாண்டைத்தான் சொல்றேன்.

1. முதல்ல அளவு, அப்புறம் விலை

நம்ம ஊர்ல இஞ்ச் டேப் இல்லாத வீடு கம்மி. அதை எடுத்துக்கோங்க.

நீங்க வேலை பார்க்கிற சேர்ல உட்காருங்க. பாதம் ரெண்டும் தரையில முழுசா பதிஞ்சிருக்கணும். தோளைத் தூக்காம, கையை உடம்போட ஒட்டி, முழங்கையை "ட" மாதிரி மடக்குங்க. தரையில இருந்து முழங்கைக்கு அடிப்பக்கம் வரைக்கும் எவ்வளவுன்னு வீட்ல யாரையாவது அளக்கச் சொல்லுங்க. உங்க கீபோர்டு இருக்க வேண்டிய உயரம் அதுதான்.

இப்போ உங்க டேபிளை அளந்து பாருங்க. கடையில விக்கிற சாதாரண டேபிள் சுமார் 75 சென்டிமீட்டர், அதாவது 29-30 இஞ்ச் இருக்கும். 5 அடி 2 அங்குலம் உயரம் உள்ள ஒருத்தருக்கு உட்கார்ந்த நிலையில முழங்கை உயரம் 24, 25 இஞ்ச் பக்கம்தான் வரும். 5 அடி 8 அங்குலம் உள்ளவருக்கே 27 இஞ்ச் பக்கம்தான். அப்போ சாதாரண டேபிள் நம்மள்ல பல பேருக்கு, முக்கியமா பெண்களுக்கு, நாலஞ்சு இஞ்ச் அதிக உயரம். தோளைத் தூக்கி வச்சுக்கிட்டே எட்டு மணி நேரம் டைப் பண்றோம். வலிக்காம என்ன செய்யும்?

ஒரு விஷயத்தை இங்க கவனிங்க. விளம்பரம் எல்லாம் டேபிள் எவ்வளவு மேல ஏறும்னு காட்டுது. நம்ம ஆளுங்களுக்கு அது எவ்வளவு கீழ இறங்கும்ங்கிறதுதான் முக்கியம். எலக்ட்ரிக் டேபிளே வாங்கினாலும் குறைஞ்ச உயரம் எவ்வளவுன்னு கேட்டுட்டு வாங்குங்க. 28 இஞ்சுக்குக் கீழ இறங்காத டேபிளை 32,000 கொடுத்து வாங்கினாலும் அதே தோள்வலிதான்.

ரெண்டாவது அளவு ஸ்கிரீனுக்கு. ஸ்கிரீனோட மேல் விளிம்பு உங்க கண் மட்டத்துலயோ கொஞ்சம் கீழயோ இருக்கணும். ஒரு கை நீளம் தள்ளி இருக்கணும். லேப்டாப்பை அப்படியே டேபிள்ல வச்சா இது ரெண்டும் ஒண்ணா அமையாது. கீபோர்டு சரியா இருந்தா ஸ்கிரீன் கீழ போயிடும். ஸ்கிரீனைத் தூக்கினா கீபோர்டும் கூட மேல வந்துடும். அதனால லேப்டாப்காரங்களுக்குத் தனி கீபோர்டும் மவுஸும் கட்டாயம்.

2. காசு செலவு இல்லாம எவ்வளவு தூரம் போகலாம்?

இன்னைக்கு ராத்திரியே செஞ்சு பாருங்க. லேப்டாப்புக்கு அடியில கனமான ரெண்டு மூணு புத்தகமோ, பேக்கிங் அட்டைப் பெட்டியோ வச்சு ஸ்கிரீனைக் கண் மட்டத்துக்குக் கொண்டு வாங்க. சேரை, முழங்கை டேபிள் மட்டத்துக்கு வர்ற வரைக்கும் ஏத்துங்க. கால் தொங்கினா காலுக்கு அடியில ஒரு மனைப்பலகை. வீட்ல பழைய மனைப்பலகை பரண்ல கிடக்கும், இறக்கிக்கோங்க.

இப்படியே பத்து நாள் வேலை பாருங்க. வலி நல்லா குறைஞ்சா உங்க பிரச்சனை தீர்ந்தது, செலவு பூஜ்யம். கொஞ்சம் குறைஞ்சும் உட்கார வசதிப்படலைன்னா டேபிள் மாத்தறதுல அர்த்தம் இருக்கு. துளியும் குறையலை, இல்ல கை கால் மரத்துப் போகுதுன்னா டேபிள் தேடறதை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

3. உயரம் மாத்தற டேபிள்: மூணு வழி

*முதல் வழி: தையல் மிஷின் ஸ்டாண்டு.* கம்பெனி மிஷின்களோட இரும்பு ஸ்டாண்டுல ரெண்டு பக்கக் காலும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற மாதிரி இருக்கும். போல்ட்டை லூஸ் பண்ணி, ஏத்தி இறக்கி, திரும்ப டைட் பண்ணிக்கலாம். டெய்லரோட உயரத்துக்குத் தகுந்த மாதிரி வைக்கத்தான் இந்த ஏற்பாடு. மிஷின் தலை, மோட்டார், அது ஓடற அதிர்வு எல்லாத்தையும் தாங்கச் செஞ்சது. மானிட்டரும் லேப்டாப்பும் அதுக்கு ஒரு பாரமே இல்ல. ஆனா இதை தினமும் ஏத்தி இறக்க முடியாது. ஒரு தடவை உங்க உயரத்துக்கு செட் பண்ணிட்டா அப்படியே இருக்கும். அதுவும் உட்கார்ந்து செய்யற வேலைக்குத்தான்; நிக்கிற உயரம் வரைக்கும் ஏறாது.

*ரெண்டாவது வழி: கையால சுத்தற ஒர்க் பெஞ்ச்.* கைப்பிடியைச் சுத்தினா டேபிள் ஏறும், இறங்கும். மோட்டார் கிடையாது, கரண்ட் வேண்டாம், ரிப்பேரும் கம்மி. ரெடிமேடாவும் கிடைக்கும். இல்லைன்னா பட்டறையில ஒரு சதுரப் பைப்புக்குள்ள இன்னொரு பைப் போற மாதிரி செஞ்சு, வரிசையா ஓட்டை போட்டு, போல்ட் மாட்டற மாதிரி கேட்டு வாங்கலாம். ரெண்டு பேர் பிடிச்சா ஒரு நிமிஷத்துல உயரம் மாத்திடலாம்.

வீட்ல இருந்து டி-சர்ட் விக்கிறவங்களுக்கு இந்த வழி ரொம்ப பொருந்தும். பகல்ல மடிச்சு, கவர் போட்டு, லேபிள் ஒட்டற வேலையை நின்னுக்கிட்டு செய்யறோம். அதுக்கு டேபிள் இடுப்பு உயரத்துல இருக்கணும். ராத்திரி ஆர்டர் பார்க்க, கணக்கு எழுத உட்கார்றோம். அதுக்கு கீழ இறங்கணும். ரெண்டு டேபிள் போட சின்ன வீட்ல இடம் ஏது? ஒரே பெஞ்ச் ரெண்டு வேலைக்கும் ஆகும்.

*மூணாவது வழி: எலக்ட்ரிக் டேபிள்.* வசதிக்குக் குறை சொல்ல முடியாது. மோட்டாரோ கன்ட்ரோல் பாக்ஸோ போச்சுன்னா சர்வீஸ் யார் செய்வாங்க, எத்தனை நாள் ஆகும்னு மட்டும் முதல்லயே கேட்டுக்கோங்க.

கட்டிங் டேபிள் வாங்கலாமான்னு கேட்கிறவங்களுக்கு: வேண்டாங்க. நீளம் அகலம் ரெண்டும் வீட்டுக்கு ஒத்து வராது. உட்கார்றதுக்கு உயரமும் அதிகம்.

4. பழைய மிஷின் ஸ்டாண்டு வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பழைய மிஷின் வாங்கி விக்கிற கடைகள்ல ஸ்டாண்டு மட்டும் தனியா கேளுங்க. மிஷினை மாத்தும்போது மிச்சமான ஸ்டாண்டு நிறைய கடையில கிடக்கும்.

- இறங்கற அளவு. கடையிலயே போல்ட்டை லூஸ் பண்ணி அடிமட்டம் வரைக்கும் இறக்கச் சொல்லி டேப் வச்சுப் பாருங்க. மேல போடப்போற பலகையோட கனத்தையும் கூட்டிக்கோங்க. ஒண்ணு ரெண்டு இஞ்ச் அதிகமா இருந்தா வெல்டிங் பட்டறையில காலைக் குறைச்சுத் தருவாங்க. இல்ல சேரை அந்த ரெண்டு இஞ்ச் ஏத்தி, காலுக்கு மனைப்பலகை வச்சாலும் சரி.
- துரு. மேல் பெயிண்ட் போனா பரவாயில்லை. போல்ட் போற இடத்துலயும் வெல்டிங் ஜாயின்ட்லயும் துரு தின்னிருந்தா அந்த ஸ்டாண்டு வேண்டாம்.
- ஆட்டம். சமதளத்துல வச்சு மேல ரெண்டு கையையும் ஊனி முன்னும் பின்னும் அசைச்சுப் பாருங்க. குறுக்குக் கம்பி கழண்டு போன ஸ்டாண்டு டைப் பண்ணும்போது ஆடும். ஸ்கிரீனும் சேர்ந்து ஆடும்.
- பெடல், மோட்டார் பிராக்கெட். ரெண்டையும் கழட்டச் சொல்லிடுங்க. முழங்காலும் பாதமும் தாராளமா போகணும்.
- பலகை. மிஷினோட வர்ற பலகையில மிஷின் தலை உட்கார ஓட்டை இருக்கும். ஆழமும் சுமார் 55 சென்டிமீட்டர்தான் வரும். மானிட்டரை ஒரு கை தூரத்துல வைக்க அது போதாது. 4 அடிக்கு 2 அடி, 18 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டுக்கோங்க. 8 அடிக்கு 4 அடி முழு ஷீட் வாங்கினா நாலு டேபிளுக்கு ஆகும். அதனால நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கினா ஆளுக்குக் கால் பங்கு செலவு.
- விளிம்பு. கை படற பக்கம் பிளைவுட் முனையைத் தேய்ச்சு உருட்டி விடச் சொல்லுங்க. கூர் விளிம்புல மணிக்கட்டை ஊனிக்கிட்டே இருந்தா கை வலி வேற சேர்ந்துக்கும்.
- புஷ். டைல்ஸ் தரையில இரும்புக் கால் வழுக்கும், கீறும். நாலு காலுக்கும் ரப்பர் புஷ் போடுங்க.
- எண்ணெய். மிஷின் ஆயில் பிசுக்கு கண்டிப்பா இருக்கும். மண்ணெண்ணெய் இல்ல தின்னர்ல துணியை நனைச்சு, வெளியில காத்தோட்டமா வச்சுத் துடைச்சு, நல்லா காய விட்டுட்டு வீட்டுக்குள்ள கொண்டு வாங்க.

இன்னொண்ணு, இதுல அலட்சியம் வேண்டாம். ஸ்டாண்டு முழுக்க இரும்பு. கம்ப்யூட்டர் பிளக்கோட மூணாவது பின்னை ஏமாத்தி ரெண்டு பின் அடாப்டர்ல சொருகற பழக்கம் இருந்தா, டேபிளைத் தொட்டாலே சுருக்குன்னு அடிக்க வாய்ப்பு இருக்கு. எர்த் உள்ள மூணு பின் பாயின்ட்லயே போடுங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில போடாம பலகைக்கு அடியில ஸ்க்ரூ பண்ணிடுங்க.

வாங்கும்போது பில் வாங்குங்க. மூடின கம்பெனியில இருந்து நேரா சாமான் எடுக்கிறவங்க இதுல கூடுதல் கவனமா இருக்கணும். மிஷினரி மேல பேங்க் கடன் இருந்தா, அது பேங்குக்கு ஈடு வச்ச சொத்து. அதை விக்க உரிமை உள்ளவர்கிட்ட இருந்துதான் வாங்கறோம்னு தெரிஞ்சுக்கணும்.

5. இப்போ கணக்கு

கீழ இருக்கிறது நம்ம கணக்குக்கு எடுத்துக்கிட்ட தொகை. நீங்க கேட்டு வந்த விலையை அந்தந்த இடத்துல போட்டுக்கோங்க. கணக்குப் போடற முறை மாறாது.

மிஷின் ஸ்டாண்டு வழி:
- பழைய ஸ்டாண்டு: 2,000
- பிளைவுட் 8 சதுர அடி, அடி 110 வீதம்: 880
- மைக்கா, பீடிங், கார்பென்டர் கூலி: 1,200
- ரப்பர் புஷ், துடைக்கிற சாமான்: 220
- ஆட்டோ வாடகை: 400
- மொத்தம்: 4,700 ரூபாய்

எலக்ட்ரிக் டேபிள்: 32,000 ரூபாய்

வித்தியாசம் 27,300 ரூபாய். இந்த 27,300-ஐ "மிச்சம்"னு சொல்லி சும்மா விட்டுட்டா அடுத்த ஆன்லைன் ஆஃபர்ல போயிடும். அதனால அன்னைக்கே பிரிச்சு வச்சிடுங்க:

- நல்ல சேர், உயரம் மாத்தறது, இடுப்புக்கு சப்போர்ட் உள்ளது: 9,000
- லேப்டாப் ஸ்டாண்டு, கீபோர்டு, மவுஸ்: 2,500
- அவசர நிதிக்கு: 15,800

சேரை ஏன் இதுல சேர்க்கிறேன்னா, 32,000 ரூபாய் டேபிள் வாங்கின பலர் அது முன்னாடி பிளாஸ்டிக் சேரைப் போட்டுத்தான் உட்கார்றாங்க. முதுகு சாயறது சேர்லதானே? காசு கொஞ்சமா இருந்தா முதல் ரூபாய் சேருக்குப் போகட்டும்.

மணிக் கணக்குல பார்க்கலாம். தினம் 8 மணி நேரம், வருஷம் 300 நாள், அஞ்சு வருஷம்: மொத்தம் 12,000 மணி நேரம். எலக்ட்ரிக் டேபிள் மட்டும் மணிக்கு 2 ரூபாய் 67 பைசா. ஸ்டாண்டு டேபிள் மட்டும் 39 பைசா. ஸ்டாண்டு, சேர், கீபோர்டு எல்லாம் சேர்த்து 16,200 ரூபாய்னா மணிக்கு 1 ரூபாய் 35 பைசா.

நேர்மையா சொல்லணும்னா, மணிக்கு 2 ரூபாய் 67 பைசாங்கிறது உடம்புக்காகச் செய்யற செலவா பார்த்தா பெரிய தொகை இல்ல. கையில காசு இருக்கிறவங்க தாராளமா வாங்கலாம். நம்ம ஊர் வருமானத்துக்கு அதைக் கடன்ல வாங்கலாமாங்கிறதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

6. திருப்பூர் வருமானமும் இஎம்ஐயும்

நம்ம ஊர் வருமானம் நேர்கோட்டுல போறது இல்ல. 2011 ஜனவரியில ஐகோர்ட் உத்தரவால சாயப்பட்டறைகள் மூடினப்போ ஊரே ஸ்தம்பிச்சது. 2020-ல கொரோனா. 2022 மே மாசம் நூல் விலை ஏத்தத்தைக் கண்டிச்சு ரெண்டு நாள் வேலை நிறுத்தம். 2025 ஆகஸ்ட் 27-ல இருந்து அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50% வரி போட்டப்போ, அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகள் தவிச்சது உங்களுக்கே தெரியும்.

இதுல எதுவும் நம்ம கையில இல்ல. ஒன்றரை ஷிப்ட் ஓடற மாசம் வரும், முக்கால் ஷிப்ட் கூட ஓடாத மாசமும் வரும். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவங்களும் இதுல இருந்து தப்ப முடியாது. ஆர்டர் இல்லைன்னா பேட்டர்ன் இல்ல, மெர்ச்சண்டைசிங் இல்ல, பில் போடவும் ஆள் வேண்டாம். இஎம்ஐ மட்டும் எல்லா மாசமும் அதே தேதியில வரும்.

சரி, "நோ-காஸ்ட் இஎம்ஐ"-ல நிஜமாவே காஸ்ட் இல்லையா? பார்த்துடலாம். ஜீரோ பர்சென்ட் வட்டின்னு ஒண்ணு கிடையாது, வட்டியை மறைக்காம காட்டணும்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே பேங்குகளுக்குச் சொல்லிடுச்சு. அதனால இப்போ இந்த ஏற்பாடு வேற மாதிரி நடக்குது. பேங்க் வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு விக்கிறவர் முன்னாடியே டிஸ்கவுண்ட் கொடுத்துடுவார்.

32,000 ரூபாயை 9 மாசம் பிரிச்சா மாசம் சுமார் 3,556. பேங்க் வட்டி 16%னு வச்சா மொத்த வட்டி சுமார் 2,030 ரூபாய். இது டிஸ்கவுண்ட்ல கழிஞ்சிடும். ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி, சுமார் 365 ரூபாய், நீங்கதான் கட்டணும். பிராசஸிங் ஃபீஸ் 199-னா ஜிஎஸ்டியோட 235. ஆக மொத்தம் சுமார் 600 ரூபாய் கூடுதல். மொத்தமா காசு கட்டினா கிடைச்சிருக்கக் கூடிய தள்ளுபடியும் போச்சு.

600 ரூபாய் பெரிய விஷயம் இல்லைன்னு தோணலாம். உண்மைதான். ஆனா 9 மாசத்துக்கு மாசம் 3,556 கட்டறேன்னு கையெழுத்து போட்டிருக்கோமே, அதுதான் பெரிய விஷயம். நடுவுல ரெண்டு மாசம் வேலை குறைஞ்சா அந்தப் பணம் கிரெடிட் கார்டு பாக்கியா மாறும். அப்போ வட்டி ஆரம்பத்துல பார்த்த வட்டியை விட ரொம்ப அதிகம்.

அதனால விதி ஒண்ணே ஒண்ணு: மூணு மாச வீட்டுச் செலவு தனியா இருக்கிறவங்க மட்டும், அதுவும் கடன் இல்லாம, விலை அதிகமான டேபிளைப் பத்தி யோசிக்கலாம். மத்தவங்க ஸ்டாண்டுல ஆரம்பிங்க.

7. "டாக்ஸ்ல கழிச்சுக்கலாம்" உண்மையா?

இதைச் சொல்லியே பல பேர் வாங்க வச்சிடுவாங்க. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

*மாசச் சம்பளம் வாங்கறவங்க:* வீட்ல போடற டேபிளைத் தனியா கழிக்க வழி கிடையாது. உங்களுக்குக் கிடைக்கிறது ஸ்டாண்டர்டு டிடெக்‌ஷன் மட்டும். கம்பெனி தன் பேர்லயே டேபிள் வாங்கித் தருமான்னு கேட்டுப் பார்க்கலாம், கேட்கிறதுல தப்பில்லை.

*உத்தேச வருமான முறையில ரிட்டர்ன் போடறவங்க:* டர்ன்ஓவர்ல இத்தனை சதவீதம் லாபம்னு காட்டும்போதே தேய்மானம் உட்பட எல்லாச் செலவும் கழிஞ்சதா அர்த்தம். டேபிளுக்குத் தனியா ஒண்ணும் கிடையாது.

*கணக்குப் புத்தகம் எழுதறவங்க:* ஃபர்னிச்சருக்குத் தேய்மானம் வருஷம் 10%. அந்த நிதியாண்டுல 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா பாதிதான். 32,000 ரூபாய் டேபிளுக்கு முதல் வருஷத் தேய்மானம் 3,200. நீங்க 5% வரம்புல இருந்தா மிச்சமாகிற வரி 160 ரூபாய். 20% வரம்புல இருந்தா 640 ரூபாய். இதுக்காக 32,000 செலவு பண்ணலாமா, நீங்களே சொல்லுங்க. சொந்த உபயோகமும் இருந்தா தொழிலுக்கு உண்டான பங்கை மட்டும்தான் காட்டணும். அதோட ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல 10,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்து வாங்கின பொருளுக்குத் தேய்மானம் கிடைக்காது. பேங்க் வழியா கட்டுங்க.

*ஜிஎஸ்டி ரெகுலர் ரிஜிஸ்ட்ரேஷன் உள்ளவங்க:* தொழிலுக்காக வாங்கி, உங்க ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் இருந்தா, கட்டின வரியை இன்புட் கிரெடிட்டா எடுக்கலாம். இரும்பு, மர டேபிளுக்கு ஜிஎஸ்டி 18%. 32,000-ல வரி மட்டும் 4,881 ரூபாய். இது நல்ல தொகைதான். காம்போசிஷன்ல இருக்கிறவங்களுக்கு இது கிடையாது. கிரெடிட் எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானம் கேட்கக் கூடாதுங்கிறதையும் ஆடிட்டர்கிட்ட ஞாபகப்படுத்திடுங்க.

8. நின்னுக்கிட்டே வேலை பார்த்தா உடம்பு குறையுமா?

எலக்ட்ரிக் டேபிள் விளம்பரத்துல இது பெரிய எழுத்துல இருக்கும். 2018-ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அலசல்ல, உட்கார்றதை விட நிக்கும்போது கூடுதலா எரியறது நிமிஷத்துக்கு 0.15 கலோரின்னு வந்தது. ஒரு மணி நேரம் நின்னா 9 கலோரி. ஒரு டீயில போடற சர்க்கரைக்குக் கூட காணாது.

நாள் முழுக்க நிக்கறதும் நல்லதில்லை. செக்கிங், அயர்னிங், பேக்கிங்ல நின்னே வேலை செய்யறவங்க கால் நரம்பைப் பார்த்தாலே தெரியும். தொடர்ந்து நிக்கற வேலை, கால் வீக்கத்தையும் நரம்புச் சுருளையும் கூட்டும். நின்னு வேலை செய்யறவங்களுக்கு உட்கார வசதி கொடுக்கணும்னு 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லுச்சு. துணிக்கடையில நாள் பூரா நிக்கிற ஊழியர்களுக்காக தமிழ்நாடு அரசு 2021 செப்டம்பர்ல சட்டத் திருத்தம் கொண்டு வந்து, கடைகள்ல இருக்கை கட்டாயம்னு ஆக்குச்சு. உட்கார்றதுக்கே சட்டம் போட வேண்டி வந்த ஊர்ல, நிக்கறதுக்கு 32,000 கொடுக்கணுமான்னு ஒரு தடவை யோசிங்க.

உடம்புக்குத் தேவை நிலையை மாத்திக்கிட்டே இருக்கறது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து ரெண்டு நிமிஷம் நடங்க. போன் வந்தா நின்னு பேசுங்க. தண்ணி பாட்டிலை டேபிள்ல வைக்காம சமையலறையில வைங்க, எழுந்து போய்த்தான் ஆகணும். இதுக்கு எந்த மோட்டாரும் வேண்டாம்.

9. எலக்ட்ரிக் டேபிள் யாருக்கு சரி?

வேண்டவே வேண்டாம்னு சொல்ல வரலை. இவங்களுக்கு அது சரியான செலவு:

- உட்கார்ந்து நின்னு மாத்தி மாத்தி வேலை செய்யச் சொல்லி டாக்டரோ பிசியோதெரபிஸ்டோ சொன்னவங்க.
- உயரத்துல நல்ல வித்தியாசம் உள்ள ரெண்டு பேர் ஒரே டேபிளை ஷிப்ட் மாதிரி பயன்படுத்தற வீடு.
- கைப்பிடி சுத்த முடியாத அளவு தோள், மணிக்கட்டு பிரச்சனை உள்ளவங்க.
- அவசர நிதி, இன்சூரன்ஸ் எல்லாம் முடிச்சு, மொத்தப் பணமும் கையில வச்சிருக்கறவங்க.

மத்தவங்க இந்த வரிசையில போங்க:

1. இஞ்ச் டேப்ல முழங்கை உயரம், டேபிள் உயரம் ரெண்டையும் அளந்து எழுதி வைங்க.
2. அட்டைப் பெட்டி, மனைப்பலகை வச்சு பத்து நாள் பாருங்க.
3. லேப்டாப்னா தனி கீபோர்டு, மவுஸ் வாங்குங்க.
4. சேரை மாத்துங்க.
5. அப்புறம் டேபிள். உட்கார்ந்த வேலை மட்டும்னா மிஷின் ஸ்டாண்டு. நின்னு பேக்கிங்கும் உண்டுன்னா கையால சுத்தற பெஞ்ச்.
6. மிச்சப்பட்ட தொகையை அன்னைக்கே அவசர நிதிக் கணக்குக்கு மாத்திடுங்க.

அஞ்சு வருஷம் கழிச்சு உங்களுக்கு டேபிள் தேவைப்படலைன்னா, எலக்ட்ரிக் டேபிளை வாங்க ஆள் தேடணும். மிஷின் ஸ்டாண்டை எடுத்த கடையிலயே திரும்பக் கேட்டுப் பாருங்க. தையல் மிஷின் ஓடற வரைக்கும் நம்ம ஊர்ல ஸ்டாண்டுக்கு ஒரு விலை இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

உங்க முழங்கை உயரம் எவ்வளவு, உங்க டேபிள் எவ்வளவுன்னு அளந்து கமெண்ட்ல போடுங்க. ஸ்டாண்டு விலை உங்க ஏரியாவுல என்ன சொல்றாங்கன்னும் சேர்த்து எழுதுங்க. வாங்கப் போற அடுத்தவங்களுக்கு உதவியா இருக்கும்.